ஆறாம் அத்தியாயம்: கீரையின் வம்ச பேதங்களும் விதைத் தாய்களும்

வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் கமக்காரன் செலுத்துகின்ற அவதானத்தில் பத்திலொரு பங்கேனும் கீரைக்குச் செலுத்துவதில்லை என்பது யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டங்களை அறிந்த எவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. கோண்டாவில், உரும்பிராய், இணுவில், கோப்பாய், சுன்னாகம் முதலிய ஊர்களின் செம்மண் தறைகளிலே, வெங்காயப் பாத்தியின் வரம்போரத்திலும், வாய்க்காற் கரையிலும், கிணற்றடித் தண்ணீர் பாய்கின்ற மூலையிலும் ஒரு பிடி விதை தூவப்பட்டு, மூன்று நான்கு வாரத்துக்குள் வேரோடு பிடுங்கப்பட்டு, பிடிபிடியாகக் கட்டப்பட்டுத் திருநெல்வேலிச் சந்தைக்கோ மருதனார்மடத்துக்கோ போய்ச் சேர்ந்துவிடுகிற இப்பயிரைப் பொறுத்தவரையில், விதைக்கென்று நிற்க விடப்படுவது எந்தச் செடி, ஏன் அந்தச் செடி என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதேயில்லை. பிடுங்கும்போது தப்பிய செடி விதைச்செடியாகிறது. அதன் விதையே அடுத்த போகத்துக்கு வித்தாகிறது. இந்த அத்தியாயம் அக்கேள்வியைக் கேட்டு, அதற்குத் தோட்டத்திலே நின்று விடை காணும் முறையை விளக்குவது.

ஒரே பாத்தியில் ஒரே நாளில் முளைத்த நூறு கீரைச் செடிகளைக் குந்தியிருந்து பார்ப்பவர், அவை தம்முள் ஒத்தன போலத் தோன்றினும் ஒன்றல்ல என்பதை விரைவிலேயே கண்டுகொள்வார். ஒன்றின் தண்டிலே அடிப்பாகத்தில் மாத்திரம் செந்நிறம் ஏறியிருக்கும். மற்றொன்றின் இலை பச்சையாயிருக்க நரம்பிலே மட்டும் ஊதா ஓடும். இன்னொன்றின் இலை நடுவில் சிவந்து ஓரத்தில் பச்சையாக முடியும். ஒன்று இருபத்தைந்தாம் நாளிலேயே நுனியில் பூங்கதிர் காட்ட, அதன் அயலில் நிற்பது நாற்பது நாட் சென்றும் இலையையே பரப்பிக்கொண்டு நிற்கும். இவ்வேறுபாடுகளுள் ஒரு பகுதி எருவினாலும் நீரினாலும் நிழலினாலும் விளைவது. அது அந்தச் செடியோடு அழிந்துவிடும். மற்றப் பகுதி விதைக்குள்ளேயே அடங்கியிருப்பது. தாவர சாஸ்திரிகள் பரம்பரையலகுகள் என்று கூறுகின்ற நுண்ணிய கூறுகளினால் தாயிலிருந்து சந்ததிக்குச் செல்வது. இந்த இரண்டாம் பகுதியே ஒரு கீரை வர்க்கத்தின் உண்மையான முதல். அது செடியொன்றில் இருப்பதன்று. பாத்தி முழுவதிலும் பரந்து இருப்பது. நல்ல செடி ஒன்றைத் தெரிந்து அதன் விதையை எடுத்தால் போதும் என்று நினைப்பவர், இந்த முதலில் பெரும்பகுதியை அறியாமலே வெளியே விட்டுவிடுகிறார்.

பாத்தியிலே நிற்பவை

அமராந்தஸ் என்னும் சாதியிலே ஏறக்குறைய எழுபது இனங்கள் உலகெங்கும் உள்ளன. அவற்றுள் எங்கள் முளைக்கீரை, தண்டுக்கீரை, செங்கீரை என்பவற்றிற் பெரும்பாலானவை அமராந்தஸ் ட்ரைகலர் என்ற ஓர் இனத்தின் பேதங்களே. சிங்கள மக்கள் தம்பலா என்று வழங்குவதும் அதுவே. ஆசியாவின் உஷ்ணப் பிரதேசங்களிலே பழக்கப்பட்டுப் பயிரான இவ்வினத்தின் உள்வேறுபாடு எத்துணைப் பெரிதென்பதற்கு லின்னேயஸ் என்ற மகாபண்டிதரே சாட்சி: 1753 ஆம் ஆண்டிலும் அதனையடுத்த சில வருஷங்களிலும் அவர் இதன் வெவ்வேறு பேதங்களைக் கண்டு, ட்ரைகலர், மெலங்கோலிகஸ், டிரிஸ்டிஸ், மங்கோஸ்டானஸ், கஞ்ஜெட்டிகஸ் என ஐந்து தனித்தனி இனங்களாக வகுத்து ஐந்து பெயர் சூட்டினார். பின்வந்த சாஸ்திரிகள் பூவையும் காயையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, இலையின் நிறமும் வடிவும் எவ்வளவு மாறினும் இவை யாவும் ஓரினமே என்று தீர்மானித்தனர். நிறத்தை நம்பி இனம் பிரிப்பது கீரையைப் பொறுத்தவரையில் தகாது என்பதைத் தோட்டக்காரரும் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

தானியத்துக்காக வளர்க்கப்படும் கீரையினங்கள் மூன்றும் வேறு வம்சத்தவை. மெக்சிக்கோ, குவாட்டமாலா, அந்தீஸ் மலைநாடு ஆகிய இடங்களில், ஹைப்ரிடஸ் என்ற காட்டினத்திலிருந்து ஹைப்போகொண்ட்ரியாகஸ், குருவெண்டஸ், கோடாட்டஸ் என்ற மூன்றும் பல நூற்றாண்டுக் காலத் தெரிவினால் உண்டாயின. காட்டு ஹைப்ரிடஸின் விதை கறுப்பு. பயிராக்கப்பட்ட மூன்றிலும் மனிதன் வெள்ளை விதையையே விரும்பித் தெரிந்தான். எங்கள் இலைக்கீரையோ இன்றைக்கும் காட்டுச் செடியைப் போலவே கறுத்து மினுங்கும் விதையையே தருகிறது. முற்றியதும் அவ்விதையைத் தானே உதிர்த்துவிடுகிறது. காரணம் தெளிவானது. இலைக்காக வளர்த்தவன் விதை முற்றுமுன்னரே செடியைப் பிடுங்கிவிட்டான். ஆதலால் அவனுடைய தெரிவு இலையிலும் தண்டிலும் பதிந்ததேயன்றி விதையிற் பதியவில்லை. இலைக்கீரை இன்னும் பாதி காட்டுச் செடியாகவே இருக்கிறதென்பது குறையன்று. வரட்சியிலும் வெயிலிலும் அது வாடாது நிற்பதற்கும், உதிர்ந்த விதை அடுத்த மாரியில் தானாகவே முளைப்பதற்கும் அந்தப் பாதியே காரணம்.

தமிழ்நாட்டிலிருந்து உறவினர் கையோடு வரும் விதைப் பைகளைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ வர்க்கங்கள் யாவும் ஓரினத்தவையல்ல. கோ 2 ட்ரைகலரைச் சேர்ந்தது. கோ 3 கிள்ளிக் கிள்ளி எடுப்பதற்கேற்ற பேதம். கோ 4 தானியக் கீரையாகிய ஹைப்போகொண்ட்ரியாகஸ். கோ 1 என்பதோ டுபியஸ் என்ற வேறினம். பெயர்ச்சீட்டை எறிந்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே போத்தலில் இடுபவர், பிறகு அவற்றைப் பிரித்தறிவதற்கு மிகவும் இடர்ப்படுவார்.

வேலியோரத்தில் நிற்பவை

மாரி தொடங்கி இரண்டு கிழமைக்குள், விதைப்பார் எவருமின்றியே வளவெங்கும் எழுகின்ற கீரைகள் இரண்டு: குப்பைக்கீரை எனப்படும் விரிடிஸ், முள்ளுக்கீரை எனப்படும் ஸ்பைனோசஸ். இரண்டும் அமெரிக்கக் கண்டத்து உஷ்ணப் பகுதிகளிலிருந்து புறப்பட்டு உலகெங்கும் பரவியவை என்றாலும், இன்று எங்கள் மண்ணின் பிள்ளைகளாகவே ஆகிவிட்டன. களைபிடுங்குபவருக்கு இவை தொல்லை. ஆனால் முற்றாத குப்பைக்கீரையின் கொழுந்தைக் கடைந்து, தேசிக்காய்ப் புளி விட்டுப் பரிமாறும் வீடுகளுக்கு அது செலவில்லாத கறி. முள்ளுக்கீரையின் இளந்தளிரும் உண்ணத் தக்கதே. ஆயினும் மாட்டுக்கொட்டிலின் அயலில், எருக்கும்பத்தின் மேல் தழைத்து நிற்கும் செடிகளை அளவுகடந்து உண்பதும், மாட்டுக்குக் கட்டுக்கட்டாக இடுவதும் தகாது. கீரைகள் மண்ணிலுள்ள நைத்திரேற்றைத் தண்டிலே தேக்கிவைக்கும் சுபாவமுடையவை.

பயிரையும் களையையும் வேறுபிரித்தறியும் வழி எளிது; அதற்கு ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி இருந்தால் நன்று, இல்லாவிடினும் கூரிய கண்ணே போதும். இலையடியில் இணையாக இரண்டு முட்கள் இருந்தால் அது முள்ளுக்கீரை. வேறு சோதனை வேண்டா. முள் இல்லையாயின் பூவைப் பார்க்க வேண்டும். சிறு பூவொன்றை நகத்தினாற் பிரித்து உள்ளங்கையில் வைத்து, அதனைச் சூழ்ந்த இதழ்போன்ற மடல்களை எண்ணுக: ட்ரைகலருக்கும் குப்பைக்கீரைக்கும் மூன்று, டுபியஸுக்கும் முள்ளுக்கீரைக்கும் ஐந்து. ட்ரைகலரின் மடல்கள் நீண்டு கூரிய நுனியுடையவையாதலால், முற்றிய பூக்கொத்தை விரல்களுக்கிடையில் உருட்டினால் சற்றுக் குத்தும். அவ்வாறு உருட்டும்போதே மற்றொரு வேறுபாடும் வெளிப்படும். ட்ரைகலரின் முற்றிய காயிலே நடுவில் வட்டமாக ஒரு பிளவு ஓடி, மேற்பாதி மூடிபோலக் கழன்று விழ, உள்ளிருக்கும் கறுப்பு விதை உருண்டு வந்துவிடும். குப்பைக்கீரையின் காயோ சுருக்கம் விழுந்த தோலுடன் திறவாமலே விதையை உள்ளடக்கி நிற்கும். இந்தச் சோதனையை ஒருமுறை கையாலே செய்து பார்த்தவருக்கு நூல் வேண்டியதில்லை. நுட்பமான ஐயம் எழுந்தால், இலங்கைத் தாவரங்களைப் பற்றி டசநாயக்காவும் பொஸ்பேர்க்கும் பதிப்பித்த பெருநூலின் முதலாம் தொகுதியில், 1980 ஆம் ஆண்டு டவுன்சென்ட் எழுதிய பகுதியைப் பார்க்கலாம்.

காட்டுக் கீரைகளின் வம்ச பேதம் எத்தகைய வலிமையுடையது என்பதை அறிய, ஐக்கிய அமெரிக்காவின் பருத்தித் தோட்டங்களைப் பார்த்தால் போதும். அங்கே பாமர் கீரை எனப்படும் ஒரு காட்டினத்தை அழிக்கக் கிளைபோசேற் என்ற களைநாசினியை வருஷந்தோறும் தெளித்தனர். கோடிக்கணக்கான செடிகளுள் எங்கோ ஒன்றிரண்டு அந்நஞ்சைத் தாங்கும் பரம்பரைக் கூறுடன் பிறந்திருந்தன; மற்றவை மடிய அவையே பெருகின; 2005 இல் ஜோர்ஜியா மாநிலத்தில் நஞ்சுக்கு அடங்காத பாமர் கீரை இருப்பது உறுதியாயிற்று. வேறுபாடு நிறைந்த கூட்டம் எந்த இடரையும் கடந்து பிழைத்துவிடும். களையைப் பொறுத்தவரையில் கமக்காரனுக்கு அது துன்பம். தன் விதைப் போத்தலைப் பொறுத்தவரையில் அதுவே அவன் நாடவேண்டிய குணம்.

பூவின் சுபாவம்

விதை எடுப்பவர் பூவின் சுபாவத்தை அறியாவிடின் மற்ற முயற்சிகள் யாவும் வீணாகும். கீரையில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே, ஆனால் ஒரே செடியில், பெரும்பாலும் ஒரே கொத்தில் உண்டாகின்றன. மகரந்தத்தைக் கொண்டுசெல்வது முக்கியமாகக் காற்று. ஆகையால் பெரும்பகுதி விதை அச்செடியின் மகரந்தத்தாலேயே உண்டாகும்; எஞ்சியது அயற்செடியின் மகரந்தத்தாலாகும். அந்த அயற்கலப்பு இனத்துக்கும் காற்றுக்கும் செடிகளின் நெருக்கத்துக்கும் ஏற்ப நூற்றுக்குச் சிலவாகவும் இருக்கலாம், முப்பதை எட்டவும் கூடும். முழுதும் தற்சேர்க்கையுடைய பயிராயின் வேறுபாடுகள் விரைவிலே தனித்தனியாகி ஒதுங்கிவிடும். முழுதும் அயற்சேர்க்கையுடையதாயின் எல்லாம் கலந்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட கீரையிலோ, ஒரு பாத்தியிலே பழைய பேதங்களும் நிலைக்கின்றன, புதியனவும் போகந்தோறும் தோன்றுகின்றன. டெல்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூசா கிரண் என்ற வர்க்கம், ட்ரைகலருக்கும் டிரிஸ்டிஸுக்கும் தற்செயலாக நேர்ந்த இயற்கைக் கலப்பிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டது. அத்தகைய கலப்பு திருநெல்வேலியிலும் அச்சுவேலியிலும் நேர்வதற்குத் தடையொன்றுமில்லை. அதனைக் கண்டு பேணுவதற்கு ஒருவர் வேண்டும்.

வேலிக்கு வெளியே நிற்கும் முள்ளுக்கீரையும் குப்பைக்கீரையும் பாத்திக்குள் நிற்கும் ட்ரைகலரோடு கலந்து விதையைக் கெடுத்துவிடுமோ என்று அஞ்சுபவர் உளர். இவ்வச்சம் பெரும்பாலும் வேண்டாதது. லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் தோட்டத்தில் கோஷூ, பால் என்ற இரு அறிஞர்கள் 1960 களிலும் 1970 களிலும் கீரையினங்களின் நிறமூர்த்தங்களை எண்ணி, ஒன்றோடொன்றைக் கலந்து, விரிவாக ஆராய்ந்தனர். ட்ரைகலரில் நிறமூர்த்தங்கள் 34, ஹைப்ரிடஸில் 32, டுபியஸில் 64. தூரத்து இனங்கள் தம்முட் கலந்தாலும் அப்பிறவி பெரும்பாலும் நலிந்ததாகவோ மலடாகவோ முடிகிறது. டுபியஸ் என்னும் இனமே முள்ளுக்கீரை வழியொன்றும் ஹைப்ரிடஸ் வழியொன்றும் கலந்து இரட்டித்ததன் விளைவென்று கருதப்படுவதால், அபூர்வமாக இயற்கை அந்த மலட்டுத் தன்மையைக் கடந்துவிடுவதும் உண்டு என்று மட்டும் நினைவில் வைக்கலாம். கமக்காரர் உண்மையில் கவனிக்கவேண்டியது தம் செங்கீரைக்கும் அயல் வளவின் பச்சைக்கீரைக்கும் இடையிலான கலப்பையே.

இவ்விடத்திலே நிறம் மிக்க உதவி புரிகிறது. கீரையின் செந்நிறம் பெரும்பாலும் பச்சைக்கு மேலாட்சியுடையது. சிவப்பும் பச்சையும் கலந்து பிறந்த முதற் சந்ததி சிவப்பாகவே தோன்றும். எனவே பச்சைக்கீரை விதையிலே செங்கீரையின் மகரந்தம் கலந்திருந்தால், அடுத்த விதைப்பில் முளைத்த சில நாட்களிலேயே செந்தண்டுடைய நாற்றுகள் தம்மைக் காட்டிக் கொடுத்துவிடும். அவற்றைப் பிடுங்கி அன்றைய கறிக்கே சேர்த்துவிடலாம். ஆனால் செங்கீரை விதையிலே பச்சையின் மகரந்தம் கலந்திருந்தால், முதற் சந்ததியில் ஒன்றும் தெரியாது. யாவும் சிவந்தே நிற்கும். கலப்பினச் செடிகளின் விதையை எடுத்து மறுபடி விதைத்தபோதே, அவற்றின் மக்களுள் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு பச்சையாகத் தோன்றும். ஆதலால் செங்கீரையைச் சுத்தமாகப் பேண விரும்புபவர் பச்சையை விலக்கிவைப்பதில் இரட்டிப்புக் கவனம் செலுத்த வேண்டும்.

அரசாங்க விதை உற்பத்தியில் இருநூறு மீற்றரும் நானூறு மீற்றரும் இடைவெளி விடுமாறு விதிக்கிறார்கள். வேலியடைத்த சிறு வளவுகள் நெருங்கிய எங்கள் ஊர்களில் அது நடவாத காரியம். நடக்கக்கூடியது வேறொன்று: ஓர் ஒழுங்கையிலுள்ள வீட்டார் கூடிப் பேசி, இந்த வருஷம் விதைக்கு விடுவது செங்கீரை, வருகிற வருஷம் தண்டுக்கீரை என்று முறைவைத்துக்கொண்டால், மற்றவற்றைப் பூக்குமுன்னரே உண்டுவிடலாம். அதுவும் இயலாதவர், பூங்கதிர் தலைகாட்டும்போதே பழைய வேட்டித் துணியாலே உறைபோலத் தைத்துக் கதிரை மூடிக் கட்டலாம். கீரை தன் மகரந்தத்தாலேயே விதை கட்டுமாதலால் உறைக்குள்ளும் விதை நிறையும். ஆனால் உறையிட்ட விதையை மாத்திரம் போகந்தோறும் விதைத்துவந்தால் வேறுபாடு குன்றும். இதனைச் சுத்தத்துக்கான மருந்தாகக் கொள்ளலாமேயன்றி நாளாந்த உணவாகக் கொள்ளலாகாது.

விதைத் தாயைத் தெரிதல்

கீரை விதைக்கு உரிய காலம் தை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போதே விதைத்தால், சித்திரை முடியுமுன் வெயிலிலே விதை முற்றிக் காயும். மற்றொரு நன்மையும் உண்டு. ட்ரைகலரின் பல பேதங்கள் பகல் குறுகிய காலத்தில் விரைந்து பூப்பவை. எங்கள் குடாநாட்டிலே மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு மணித்தியாலமே என்றாலும், அந்தச் சிறு வேறுபாட்டையும் கீரை உணர்கிறது. தைப் பகலிலேயே பூக்கத் தாமதிக்கின்ற செடி, உண்மையாகவே தாமதிக்கும் பரம்பரையுடையது என்று நம்பலாம்.

முந்திப் பூத்த செடியை விதைக்கு விடுதல் எங்கள் தோட்டங்களிலே நடக்கும் பெருந்தவறு. வேண்டுமென்று அதனைச் செய்பவர் எவருமில்லை. முந்திப் பூத்தது கறிக்கு உதவாததாகையால் பிடுங்கப்படாமல் விடப்படுகிறது. விடப்பட்டதே முந்தி முற்றுகிறது. முந்தி முற்றியதே போத்தலுக்குள் போகிறது. நல்லனவெல்லாம் சந்தைக்குப் போய், தீயதே வித்தாகிறது. இவ்வாறு பல போகம் சென்றபின், இந்தக் கீரை வர வர இலை சிறுத்துச் சீக்கிரம் பூத்துவிடுகிறது, மண் கெட்டுவிட்டது என்று முறையிடுவோர், மண்ணைக் குறைகூறுவது நியாயமன்று. தெரிவு எப்போதும் நடந்துகொண்டேயிருக்கிறது. கமக்காரன் தெரியாவிடின் அவனுடைய கவனக்குறைவு தெரிகிறது.

ஆகவே விதைக்கான பாத்தியைத் தனியாகவே வகுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றரையடிக்கு ஒரு செடியாக 60 செடிகள் நிற்பதற்கு வேண்டிய இடம் ஏறத்தாழ 135 சதுர அடி. அதாவது ஒரு பரப்பின் இருபதிலொரு பங்கு. இவ்வளவு நிலத்தை வருஷத்தில் நான்கு மாதத்துக்கு ஒதுக்க இயலாத தோட்டம் மிகச் சிலவே. நெருக்கமாக விதைத்து, முதலில் முளையிலும், பின்பு இருபதாம் நாளிலும், பின்பு முப்பத்தைந்தாம் நாளிலும் வேண்டாதவற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தால், பிடுங்கியவை யாவும் வீட்டுக்குக் கறியும் கீரைப்பிட்டுக்கு இலையுமாக உதவும், ஒன்றும் வீணாகாது. பிடுங்கவேண்டியவை எவையெனின்: முந்திப் பூத்தவை, இலையிற் பூச்சி மிகுதியாகப் பின்னியவை, வெள்ளைத்துரு விழுந்தவை, அந்த வர்க்கத்துக்குரிய நிறம் மாறியவை. வரம்போரத்து வளம் பெற்றுக் கொழுத்த செடியைக் கண்டு மயங்கலாகாது. அதற்கு அந்தப் பெருமை வாய்க்கால் நீர் தந்தது. நடுப்பாத்தியில், அயற்செடிகளோடு நீருக்கும் வெயிலுக்கும் போட்டியிட்டு நன்றாய் நிற்கும் செடியே விதைத் தாயாவதற்கு உரியது.

அறுபது ஏன், ஐந்தாறு போதாதா என்று கேட்பவருக்குக் கணக்கினாலேயே விடை சொல்லலாம். ஒரு பாத்தியில் இருபது செடிக்கு ஒன்று மாத்திரம் ஒரு நற்குணத்தைப் பெற்றிருக்கிறதென வைத்துக்கொள்வோம். அது வெளியே தெரியாத குணம், உதாரணமாக இனிமேல் வரவிருக்கும் ஒரு நோயைத் தாங்கும் வன்மை. கண்ணை மூடிக்கொண்டு 5 செடிகளை விதைக்கு விட்டால், அவற்றுள் அந்தச் செடி ஒன்றாவது இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 23 மாத்திரமே. 30 செடிகளை விட்டால் 79. 60 விட்டால் 95. காணக்கூடிய குணத்தைக் கண் தெரிந்துகொள்ளும். காணமுடியாத குணத்தைக் காப்பது எண்ணிக்கை ஒன்றே. ஆதலால் 30க்குக் குறைந்தால் ஆபத்து, 60 இருந்தால் நிம்மதி என்று இந்நூல் விதிக்கிறது. எல்லாச் செடியிலிருந்தும் ஏறக்குறைய ஒரே அளவு விதையை எடுக்க வேண்டுமென்பதும் முக்கியம். பெரிய கதிரொன்றே போத்தலை நிரப்பிவிட்டால் அறுபது செடி வளர்த்த பயன் இல்லாமற் போகும்.

இந்த வேறுபாட்டின் பிரயோசனத்தை மலையாள நாட்டவர் நன்கறிவர். அங்கே பெருமழைக் காலத்தில் செங்கீரை இலைகளை ரைசொக்டோனியா என்ற பூஞ்சணம் பற்றி, வெளுத்த புள்ளிகளாகக் கருக்கிவிடும். சந்தையிலோ செங்கீரைக்கே மதிப்பு அதிகம். மேலே கூறிய கோ 1 என்ற பச்சை இனம் அந்நோயைத் தாங்குவதைக் கண்டு, இரண்டையும் கலந்து நடுமாறு கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அறிவுறுத்தினர். நோயைத் தாங்கும் செடி இடையிடையே நிற்பதனால் பூஞ்சணம் பரவும் வழி தடைப்படுகிறது. கார்த்திகை மழையிலே செங்கீரை கருகுவதைக் கண்டு மருந்துக் கடைக்கு ஓடுமுன், எங்கள் தோட்டக்காரரும் இதனைச் செய்து பார்க்கலாம். இரண்டும் வெவ்வேறு இனங்களாதலால் விதை கலந்துவிடும் என்ற அச்சமும் அதிகமில்லை.

தீவுப்பகுதியிலும் வடமராட்சிக் கரையோரத்திலும் உள்ளவர்களுக்கு வேறொரு பணி இருக்கிறது. கோடை ஏற ஏற அங்கே கிணறுகள் உவர்க்கின்றன. வங்காளதேசத்து உமாகாந்த சர்க்கார், யப்பானிய ஷின்யா ஓபா ஆகியோர் ட்ரைகலரின் பல பேதங்களை உப்பு நீரிலும் வரட்சியிலும் வளர்த்து ஆராய்ந்தபோது, எல்லாப் பேதங்களும் ஒரேவிதமாகத் தாங்கவில்லை என்று கண்டார்கள். தாங்கும் பேதம் புங்குடுதீவிலோ வேலணையிலோ யாரோ ஒருவருடைய கிணற்றடியில் ஏற்கெனவே நிற்கக்கூடும். உவர் நீர் பாயும் பாத்தியிலேயே விதைத்து, அங்கேயே தளராது நின்றவற்றின் விதையை அங்கேயே மறுபடி விதைத்து, ஐந்தாறு வருஷம் இதனை விடாது செய்பவர் தம்முடைய தீவுக்கென்றே ஒரு வர்க்கத்தை உண்டாக்கிவிடலாம். செம்மண்ணில் எடுத்த விதையைக் கொண்டுபோய் உவர்நிலத்தில் இட்டு அது வளரவில்லை என்று வருந்துவதிற் பயனில்லை.

எடுத்தலும் காத்தலும்

கதிரின் அடிப்பகுதியை உள்ளங்கையிலே மெல்லத் தட்டும்போது கறுத்த விதைகள் நான்கைந்து உருண்டு வீழ்ந்தால் அறுக்கும் பருவம் வந்துவிட்டது. நுனியும் முற்றட்டும் என்று காத்திருந்தால் அடி உதிர்ந்துவிடும். பனி உலர்ந்த காலையில் கதிர்களை அறுத்து, பாயிலோ சாக்கிலோ நிழலிலே பரப்பி, நாலைந்து நாட் காயவிட்டுக் கையால் உருவி, அரிதட்டில் அரித்து, சுளகிற் புடைத்தால் மணிமணியான விதை தங்கும். கறுப்பாய்ப் பளபளப்பது முற்றியது. செம்மண்ணிறமாய் மங்கியது முற்றாதது. ஒரு கிராமிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட விதைகள் இருக்குமாதலால், ஒரு குடும்பத்துக்குச் சிறு போத்தல் ஒன்றே போதும். நன்றாகக் காய்ந்த விதையைச் சலித்த அடுப்புச் சாம்பலோடு சேர்த்து, காற்றுப் புகாதபடி மூடி, குளிர்ந்த இருண்ட இடத்தில் வைத்தால் அது சில வருஷம் முளைக்கும் வீரியம் கெடாது நிற்கும். போத்தலின் மேல் ஊர்ப் பெயரும், எடுத்த மாதமும் வருஷமும், எத்தனை தாய்ச் செடியிலிருந்து எடுத்ததென்ற எண்ணும் கட்டாயம் எழுதப்பட வேண்டும்.

எங்கள் ஆச்சிமார் அடுக்களைப் பரணிலே சாம்பலிட்டு வைத்திருந்த போத்தல்களே குடாநாட்டின் முதல் விதைக் களஞ்சியங்கள். 1990 இல் வலிகாமம் வடக்கின் செம்மண் ஊர்கள் வெறிச்சோடியபோதும், 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் கூட்டமாகத் தென்மராட்சி நோக்கி நடந்தபோதும், கையில் எடுக்க இயன்றது பிள்ளையும் பொட்டணியுமே. பரணிலிருந்த விதை பரணிலேயே நின்றிருக்கும். குப்பைக்கீரைக்கும் முள்ளுக்கீரைக்கும் அதனால் ஒரு குறையும் நேரவில்லை, ஏனெனில் அவற்றின் விதைக் களஞ்சியம் மண்ணே. மனிதன் கையை நம்பிய பேதங்கள் மாத்திரம் மனிதனோடு இடம்பெயர்ந்தன, பெயராதவை அழிந்தன. ஒரு விதை ஒரு வீட்டில் மாத்திரம் இருப்பது பாதுகாப்பன்று என்பதை இந்நாட்டு மக்களுக்கு வேறெவரும் சொல்லவேண்டியதில்லை.

பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையில் 1988 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தாவர மரபணு வள நிலையம் இலங்கையின் பயிர் விதைகளைக் குளிரூட்டிய அறைகளிலே காத்துவருகிறது. குளிரறையிலுள்ள விதை நெடுங்காலம் அழியாது; ஆனால் அது மாறவும் மாட்டாது. புதிய பூச்சியும் புதிய வரட்சியும் வரும்போது அவற்றுக்கேற்ப மாறும் விதை, போகந்தோறும் மண்ணில் விழுந்து எழும் விதையே. ஆகையால் களஞ்சியமும் வேண்டும், கமக்காரனின் பாத்தியும் வேண்டும்; ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. பெங்களூரில் 2014 ஆம் ஆண்டு ஹைப்போகொண்ட்ரியாகஸ் கீரையின் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். அத்தகைய வித்தை எவ்வளவு வளர்ந்தாலும், படிப்பதற்கு முதலில் செடி இருக்கவேண்டும்.

இந்நூலை வாசிப்போர் இவ்வருஷத் தை மாதத்திலேயே ஒரு பரப்பின் இருபதிலொரு பங்கைக் கீரை விதைக்கென்று ஒதுக்குவார்களாக. சித்திரையில் எடுக்கும் விதையை மூன்று பங்காக்கி, ஒன்றைத் தம் பரணிலே வைத்து, ஒன்றை ஒழுங்கைக்கு அப்பாலுள்ள வீட்டாருக்குக் கொடுத்து, மற்றொன்றை ஊரும் வருஷமும் தாய்ச் செடிகளின் எண்ணும் எழுதிய உறையிலிட்டு, தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்துக் கன்னொறுவைக்கு அனுப்பச் செய்யுமாறு அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.